மேட்டுநிலத்து வெள்ளம்: ஓசூர் – கிருஷ்ணகிரி எல்லைப் பகுதியும் பேரிடர்த் தயார்நிலையும்

வெள்ளம் என்றதும் கடலூரையும் நாகப்பட்டினத்தையும் சென்னையையும் நினைப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. கிருஷ்ணகிரி மாவட்டத்தைப் பற்றிப் பேசுவோர் அதன் மாமரங்களையும், ஓசூரின் தொழிற்சாலைகளையும், கூடவே அதன் தீராத வறட்சியையும் குறிப்பிடுவரேயன்றி வெள்ளத்தைக் குறிப்பிடுவதில்லை. அரசின் நலத்திட்டங்களும் நீண்ட காலம் இந்த எண்ணத்தின் மீதே கட்டப்பட்டன. கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், மலைகள் சூழ்ந்த மேட்டுநிலத்தில் அமைந்த ஒரு வட்டாரம் புயலுக்கு அஞ்ச வேண்டியதில்லை என்பது பொதுவான நம்பிக்கையாக இருந்தது.

2024 டிசம்பர் 2ஆம் நாள் காலை அந்த நம்பிக்கை பொய்த்தது. அன்று காலை எட்டரை மணியுடன் முடிந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் ஊத்தங்கரையில் பெய்த மழை 50 சென்டிமீட்டர். மாவட்டம் ஓராண்டு முழுவதும் பெறும் சராசரி மழையில் பாதிக்கும் மேற்பட்ட அளவு ஒரே நாளில் ஓர் ஊரில் கொட்டியது. ஏரி நிரம்பி வழிந்து, சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் நீரில் இழுத்துச் செல்லப்பட்ட காட்சியை அன்று நாடே தொலைக்காட்சியில் கண்டது. நவம்பர் 30ஆம் நாள் இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், கடந்த பின்னும் விரைந்து கலைந்துவிடாமல் அங்கேயே பல மணி நேரம் தங்கி, பின்னர் வலுவிழந்த நிலையில் மேற்கே நகர்ந்து, எஞ்சிய ஈரத்தையெல்லாம் உள்மாவட்டங்களின் மீது இறக்கியது.

இதனைத் தற்செயல் என்று கூறி நாம் கடந்து செல்ல இயலாது. காற்றின் வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் உயர்ந்தால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ ஏழு விழுக்காடு மிகுகின்றது என்பது இயற்பியலின் நெடுநாளைய விதி. வெப்பமுற்ற கடலின் மீது உருவாகும் புயல், முன்னைவிட மிகுந்த நீரைச் சுமந்து வருகின்றது. அதனை முன்னைவிடக் குறுகிய நேரத்தில் இறக்கியும் விடுகின்றது. ஓராண்டின் மொத்த மழை பெரிதும் மாறாமலே இருக்கலாம். ஆனால் அது பெய்யும் நாட்கள் குறைந்து, பெய்யும் வேகம் கூடுகின்றது. ஆகவே ஒரே வட்டாரம் ஒரு பருவத்தில் தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பதும் அடுத்த பருவத்தில் படகுக்குக் காத்திருப்பதும் முரணல்ல. இரண்டும் ஒரே மாற்றத்தின் இரு முகங்கள்.

ஆற்றின் எல்லையும் ஆட்சியின் எல்லையும்

இவ்வட்டாரத்தின் இடர்களைப் புரிந்துகொள்ள மாவட்ட வரைபடத்தைக் காட்டிலும் ஆற்றின் வரைபடமே உதவும். தென்பெண்ணை கர்நாடகத்தின் நந்தி மலைப்பகுதியில் தோன்றுகின்றது. அங்கே அதன் பெயர் தட்சிண பினாகினி. பெங்களூருவின் கிழக்குப் பகுதியைத் தொட்டு வருகையில் அந்நகரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் உபரிநீரையும் கழிவுநீரையும் ஏற்றுக்கொண்டு, ஓசூருக்கு அருகில் தமிழகத்தில் நுழைந்து கெலவரப்பள்ளி நீர்த்தேக்கத்தை அடைகின்றது. பின்னர் கிருஷ்ணகிரி அணை, நெடுங்கல் தடுப்பணை, அதற்கும் கீழே திருவண்ணாமலை மாவட்டத்தின் சாத்தனூர் அணை, திருக்கோவிலூர், இறுதியில் கடலூர். ஏறத்தாழ நானூறு கிலோமீட்டர் நீளமுள்ள இந்த ஓட்டத்தில் இரண்டு மாநிலங்களும் பல மாவட்ட நிர்வாகங்களும் குறுக்கிடுகின்றன. ஆற்றுக்கு இவற்றில் எதுவும் பொருட்டல்ல.

ஓசூர் மக்கள் இந்த ஆற்றைத் தினமும் நுரையாகவே காண்கின்றனர். பெல்லந்தூர் ஏரியில் 2017ஆம் ஆண்டிலும் 2018ஆம் ஆண்டிலும் தீப்பற்றியது உலகச் செய்தியாயிற்று. அதே நீரின் தொடர்ச்சியே கெலவரப்பள்ளியின் மதகுகளைத் திறக்கும்போது வெண்ணுரையாகப் பொங்கித் தரைப்பாலங்களை மூடுகின்றது. சலவைப் பொடிகளின் எச்சமும் சுத்திகரிக்கப்படாத சாக்கடையும் மதகின் வேகத்தில் கலக்கப்படுவதால் எழும் நுரை அது. பெருமழைக் காலத்தில் இந்த நுரை மிகுவதையும் அறிவோம். எனவே இங்கே வெள்ளம் என்பது வெறும் நீர்ப்பெருக்கு மட்டுமன்று. மேலுள்ள ஒரு பெருநகரின் கழிவு கீழுள்ள உழவனின் வயலுக்குள் நுழைவதுமாகும். பெங்களூருவின் கழிவுநீரில் ஒரு பகுதியைச் சுத்திகரித்துக் கோலார் மாவட்ட ஏரிகளுக்குக் குழாய் வழியே அனுப்பும் திட்டம் 2018 முதல் நடைபெற்று வருகின்றது. அழுக்கு குறைவது ஆறுதலே; கோடையில் கீழே வரும் நீரின் அளவும் உடன் குறைகின்றது என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டியவர்கள் இங்குள்ளோர்.

எல்லைக்கு அப்பாலிருந்து வரும் நீர் இப்பகுதி மக்களைக் கொன்றதும் உண்டு. 1903 நவம்பரில் மைசூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த பேத்தமங்கலம் ஏரி உடைந்து, பாலாற்றில் வந்த வெள்ளம் வாணியம்பாடியைத் தாக்கியது. ஏறத்தாழ இருநூறு பேர் மாண்டனர். இன்று தோல் வணிகத்தாலும் கல்வி நிலையங்களாலும் நம் வாசகர்கள் நன்கறிந்த அவ்வூர், அக்காலத்தில் கிருஷ்ணகிரியையும் ஓசூரையும் போலவே சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. பாலாறு வேறு, தென்பெண்ணை வேறு என்பது உண்மையே. ஆயினும் இரண்டும் ஒரே மேட்டுநிலத்தில் தோன்றி, ஒரே விதமான ஏரிச்சங்கிலிகளின் ஊடே இறங்குகின்றன.

ஏரிச்சங்கிலி என்பதைச் சற்று விளக்க வேண்டும். தக்காண மேட்டுநிலத்தின் சரிவில் முன்னோர் ஓர் ஏரியைத் தனித்து அமைக்கவில்லை. மேலுள்ள ஏரி நிரம்பினால் அதன் கலிங்கு வழியே, அதாவது வடமாவட்ட மக்கள் கோடி என்று வழங்கும் போக்கிடத்தின் வழியே, உபரிநீர் அடுத்த ஏரியின் வரத்துக் கால்வாயில் சேரும். அது நிரம்பினால் அதற்கடுத்தது. இந்த அமைப்பு ஒழுங்காக இருக்கும் வரை பெருமழையின் வேகத்தை உடைத்துத் தவணை தவணையாக இறக்கும் அரிய காப்பு அது. கால்வாய் தூர்ந்து, கலிங்கின் முன் வீடுகளும் கடைகளும் எழுந்துவிட்டால் அதே அமைப்பு ஆபத்தாக மாறுகின்றது. போக வழியற்ற நீர் கரையை உடைக்கும், உடைந்த ஏரியின் முழு நீரும் ஒரே வீச்சில் அடுத்த ஏரியின் மீது விழும், அதுவும் தாங்காது. ஓர் ஏரியின் ஆக்கிரமிப்பு அவ்வூரின் உள்விவகாரம் அன்று. அதற்குக் கீழுள்ள அத்தனை ஊர்களின் உயிர்ப்பிரச்சினை.

2024இல் நிகழ்ந்ததில் மற்றொரு பாடமும் உண்டு. டிசம்பர் 2ஆம் நாள் அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் விநாடிக்கு 1.68 இலட்சம் கன அடியை எட்டியது. கீழே விழுப்புரம், கடலூர் மாவட்டக் கிராமங்கள் மூழ்கின; சில மாதங்களுக்கு முன்னரே திறக்கப்பட்ட அகரம்பள்ளிப்பட்டு பாலம் ஆற்றோடு போயிற்று. எச்சரிக்கை விடுத்தோம் என்பது அரசின் கூற்று. உறங்கிக்கொண்டிருந்த எங்களை எவரும் எழுப்பவில்லை என்பது மக்களின் குறை. இவ்வளவு நீர் எங்கிருந்து வந்தது? கிருஷ்ணகிரி அணையிலிருந்து அன்று வெளியேறிய நீர் இதில் சிறு பகுதியே. பெரும்பங்கு கிருஷ்ணகிரி அணைக்கும் சாத்தனூருக்கும் இடையே உள்ள ஊத்தங்கரை, போச்சம்பள்ளி, அரூர் பகுதிகளில் பெய்து, பாம்பாறு முதலிய துணையாறுகள் வழியே இறங்கியது. மேலணையின் நீர்மட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இந்த வெள்ளம் புலப்பட்டிருக்காது. ஊத்தங்கரையின் மழைமானியை இரவு பத்து மணிக்குப் படித்துப் பொருளுணர்ந்தவர், பொழுது விடியும் முன் சாத்தனூருக்குக் கீழே என்ன நேரும் என்பதைச் சொல்லியிருக்க முடியும். மாநில அரசு 1,400 தானியங்கி மழைமானிகளை நிறுவும் திட்டத்தை மேற்கொண்டது இத்தகைய தேவையை உணர்ந்தே. கருவி எண்ணைத் தரும். அந்த எண்ணைக் கீழுள்ள ஊரின் மொழியில் மாற்றிச் சொல்வது யார் பொறுப்பு என்பதே தீராத வினா.

மேலுள்ளவரும் கீழுள்ளவரும்

இரு மாநிலங்களுக்கிடையே தென்பெண்ணை குறித்த வழக்கு பழையது. 1892ஆம் ஆண்டு சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் செய்துகொண்ட உடன்படிக்கை, பட்டியலிட்ட ஆறுகளில் சென்னையின் இசைவின்றி மைசூர் புதிய நீர்த்தேக்கம் கட்டலாகாது என்றது. அவற்றில் பெண்ணையாறும் ஒன்று. துணையாறான மார்க்கண்டேய நதியில் யார்கோள் என்னுமிடத்தில் கர்நாடகம் அணை எழுப்பியபோது தமிழகம் 2018இல் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. 2019 நவம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடைக்கு மறுத்து, தீர்ப்பாயம் அமைக்கக் கோரும் வழியைச் சுட்டியது. அணை கட்டி முடிக்கப்பட்டது.

இந்த வழக்கைப் படிக்கையில் ஃபிக்ஹு நூல்களில் காணப்படும் ஒரு பழந்தீர்ப்பு நம் நினைவுக்கு வராமல் போகாது. மதீனாவின் மஹ்ஸூர், முதைனிப் என்னும் இரு ஓடைகளின் நீரைப் பற்றி எழுந்த பிணக்கில், மேலுள்ளவர் தம் நிலத்தில் கணுக்காலளவு நீரைத் தேக்கிக்கொண்டு எஞ்சியதைக் கீழுள்ளவருக்கு விட்டுவிட வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) தீர்ப்பளித்ததாக அறிவிக்கப்படுகின்றது. மேலுள்ளவருக்கு முன்னுரிமை உண்டு. ஆனால் அந்த முன்னுரிமைக்கு அளவுண்டு. அந்த அளவு ஏட்டில் எழுதிய எண்ணாக அன்றி எவரும் வயலில் இறங்கி நின்று சரிபார்க்கத்தக்கதாக இருந்தது. இன்று இரு மாநிலங்களின் பொறியாளர்கள் எந்த மழைமானியை, எந்த மதகை, எந்த நேரத்தில் யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதில் இத்தகைய எளிய, சரிபார்க்கத்தக்க ஓர் ஏற்பாட்டைக் காண்பது தீர்ப்பாயத்துக்குக் காத்திராமலே செய்யக்கூடிய காரியம் என்று கருதுகிறோம். பங்கீட்டில் இணங்காதவர்களும் எச்சரிக்கையில் இணங்கலாம்.

மற்றொரு நூலையும் இவ்விடத்தில் குறிப்பிடுவது பொருந்தும். கலீஃபா ஹாரூன் அர்ரஷீதுக்காக இமாம் அபூ யூஸுஃப் எழுதிய கிதாபுல் கராஜ் நிலவரியைப் பற்றியது மட்டுமன்று; ஆறுகளையும் கால்வாய்களையும் தூர்வாரும் பொறுப்பையும் அது ஆராய்கின்றது. ஹனஃபி அறிஞர்கள் வகுத்த முறைப்படி, பேராறுகளின் பராமரிப்பு பொதுக் கருவூலத்தின் கடன்; குறிப்பிட்ட மக்கள் கூட்டாகப் பயன்கொள்ளும் சிறு கால்வாய்களின் பராமரிப்பு அவர்களுடைய கடன், ஒருவர் மறுத்தாலும் அவரைக் கட்டாயப்படுத்தலாம். தமிழகத்தின் குடிமராமத்து இதே பகுப்பை வேறொரு வழியில் கண்டடைந்தது. கரையும் மதகும் அரசின் வேலை; வரத்துக் கால்வாயைத் துப்புரவாக்குவதும் கரையில் மழை அரித்த பள்ளங்களை நிரப்புவதும் ஊராரின் வேலை. அந்த வழக்கம் தளர்ந்தபோது ஆங்கிலேயர் 1858ஆம் ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டத்தால் அதனைப் பிடித்து நிறுத்த முயன்றனர். சட்டத்தால் அது நிற்கவில்லை. 2017இல் தமிழக அரசு நூறு கோடி ரூபாயில் 1,519 பணிகளுடன் குடிமராமத்து என்னும் பெயரை மீட்டெடுத்தது. பெயர் மீண்டது, ஊராரின் உழைப்பும் உரிமையுணர்வும் எந்த அளவுக்கு மீண்டன என்பதை ஒவ்வோர் ஏரிக்கரையிலும் தனித்தனியே பார்த்தே சொல்ல இயலும்.

வறட்சியின் மறுபக்கம்

2016இல் வடகிழக்குப் பருவமழை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் காணாத அளவில் பொய்த்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி பாதித்ததாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் கிருஷ்ணகிரி அணையின் மதகுக் கதவு ஒன்று உடைந்து, அரும்பாடுபட்டுச் சேர்ந்த நீர் வீணே வெளியேறியது. 1950களில் கட்டப்பட்ட அணையின் கதவு அது. ஒரே ஆண்டின் தொடக்கத்தில் நீரின்மையும் முடிவில் நீரை வைத்துக்கொள்ள இயலாமையும் நேர்ந்ததை நாம் மறக்கலாகாது. தட்பவெப்ப மாற்றம் புதிய ஆபத்துகளை உண்டாக்குவதைக் காட்டிலும், பராமரிப்பற்ற பழைய அமைப்புகளின் பலவீனத்தை வெளிக்காட்டுவதிலேயே விரைவாக இருக்கின்றது.

இப்பகுதியின் நிலத்தடி கடினப்பாறை. மணற்பாங்கான நிலத்தைப் போல் அது நீரை உறிஞ்சிச் சேமிக்காது. பாறையின் வெடிப்புகளில் தேங்குவதே நிலத்தடிநீர். திறந்த கிணறுகள் வற்றியபோது ஆழ்துளைக் கிணறுகள் வந்தன. ஆழம் கூடக் கூட, நீர் பாறையோடு உறவாடும் காலமும் கூடுகின்றது. பாறையிலுள்ள ஃபுளோரைடு நீரில் கரைகின்றது. ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட ஃபுளோரைடு தீங்கானது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. முதலில் குழந்தைகளின் பற்களில் கறை. ஆண்டுகள் கடந்தபின் மூட்டும் முதுகும் இறுகி, நிமிர இயலாத உடல். வறட்சி பசியாக மட்டும் வருவதில்லை. இருபதாண்டு கழித்து எலும்பு நோயாகவும் வருகின்றது.

இதற்குத் தீர்வாக வந்ததே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரைடு பாதிப்புத் தணிப்புத் திட்டம். ஜப்பான் நிதியுதவியுடன் 1,928 கோடி ரூபாய் மதிப்பில் 2008இல் அடிக்கல் நாட்டப்பெற்று, கர்நாடகத்தில் எழுந்த எதிர்ப்பைக் கடந்து, 2013 மே மாதம் தொடங்கி வைக்கப்பட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைத் தரும் இத்திட்டத்தின் நன்மையை எவரும் மறுக்க இயலாது. எனினும் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். தாழ்விலுள்ள காவிரியிலிருந்து மேட்டிலுள்ள ஓசூருக்கு நீரை ஏற்றுவது முழுவதும் மின்சாரத்தையும் நெடுந்தொலைவுக் குழாய்களையும் சார்ந்தது. குழாய்நீர் வந்துவிட்டது என்பதற்காக உள்ளூர் ஏரியைக் கைவிட்ட ஊர், குழாய் உடையும் நாளில் மீண்டும் ஆழ்துளைக் கிணற்றின் ஃபுளோரைடுக்கே திரும்பும். வெளியிலிருந்து வரும் உதவி உள்ளூர் ஏற்பாட்டின் மீது சேரும்போது காப்பாகின்றது. அதன் இடத்தைப் பிடிக்கும்போது புதியதொரு சார்பாகின்றது.

மா விவசாயிகளின் நிலையும் இதனோடு சேர்ந்ததே. கோடையில் மரத்தைக் காக்க லாரித் தண்ணீரை விலைக்கு வாங்கி ஊற்றிய உழவர்கள் இம்மாவட்டத்தில் உண்டு. பூக்கும் பருவத்தில் பெய்யும் தவறான மழை பூவை உதிர்க்கும். கூழ் ஆலைகளுக்கென்றே வளர்க்கப்படும் பெங்களூரா வகையை நம்பியவருக்கு விளைச்சல் மிகுந்த ஆண்டில் விலையும் இல்லை. இழப்பைத் தாங்கும் சக்தியற்ற குடும்பத்தின் இளைஞன் ஓசூர் சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளியாகின்றான். தொழில்துறை இப்பகுதிக்குத் தந்த பெரிய காப்பீடு அந்தக் கூலியே எனலாம். அதற்கு ஈடாக அவன் குடியேறும் இடம் பெரும்பாலும் ஏரியின் தாழ்நிலமோ ஓடைக்கரையோ ஆகின்றது. வாடகை அங்கேதான் குறைவு.

உதவி எங்கே நிற்கின்றது?

2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டந்தோறும் ஆட்சியரைத் தலைவராகவும், உள்ளாட்சியின் மக்கள் பிரதிநிதியை இணைத் தலைவராகவும் கொண்ட ஆணையம் உண்டு. மாவட்டத் திட்டம் ஆண்டுதோறும் மறுஆய்வு செய்யப்பட வேண்டும். 2025ஆம் ஆண்டின் திருத்தம், மாநகராட்சிகளுள்ள நகரங்களுக்குத் தனி நகர்ப்புற ஆணையம் அமைக்க இடமளித்தது. 2019இல் மாநகராட்சியான ஓசூருக்கு இது பொருந்தும். அரசு 2024இல் டி.என். அலர்ட் என்ற கைப்பேசிச் செயலியையும் வெளியிட்டது. ஏற்பாடுகளுக்குக் குறைவில்லை. இவை யாவும் மேலிருந்து இறங்கி வந்து ஊரின் வாயிலில் நின்றுவிடுகின்றன. வாயிலிலிருந்து உறங்கும் மனிதனின் படுக்கை வரை உள்ள கடைசி நூறு அடியை எந்தச் செயலியும் கடக்காது.

அந்த நூறு அடியைக் கடந்து காட்டிய நாடு வங்கதேசம். 1970 நவம்பரில் போலா புயல் அங்கே மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதன்பின் 1972இல் செம்பிறைச் சங்கத்தின் முயற்சியில் புயல் தயார்நிலைத் திட்டம் தொடங்கிற்று. கிராமந்தோறும் தொண்டர் குழு. கொடியேற்றி அபாய நிலையைக் காட்டுதல். கையொலிபெருக்கியுடன் வீடு வீடாகச் செல்லுதல். பள்ளிவாசலின் ஒலிபெருக்கியில் அறிவித்தல். 1991 புயலில் ஏறத்தாழ 1.4 இலட்சம் பேர் இறந்தனர். 2007இல் வந்த சித்ர் புயலில் இறந்தோர் சுமார் 3,400. இன்று அத்திட்டத்தில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொண்டர்கள் உள்ளனர்.

இந்த எண்களின் நடுவே நம் வாசகர்கள் தயங்காமல் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1991இல் இறந்தவர்களில் பெண்கள் மிகுதி. கணவன் வந்து அனுமதிக்கட்டும் என்று வீட்டிலேயே காத்திருந்தவர்களும், பெண்களுக்குத் தனியிடமில்லாத புகலிடத்துக்குச் செல்லக் கூசியவர்களும் அவர்களில் இருந்தனர். பாடம் கற்ற அந்நாடு, புகலிடங்களில் பெண்களுக்கு இடமொதுக்கியதோடு தொண்டர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பெண்களாக இருக்கும் நிலையையும் எட்டியது. பெண் ஒருத்தி வந்து அழைத்தால் பெண்கள் புறப்படுகின்றனர் என்பது அங்கே கண்ட அனுபவம். நம் மஹல்லாக்களில் நிவாரணக் குழுக்கள் இளைஞர்களால் ஆனவை. 2015 சென்னை வெள்ளத்தில் அவ்விளைஞர்களின் பணியும், மதம் பாராது திறக்கப்பட்ட பள்ளிவாசல்களும் போற்றப்பட்டதை அறிவோம். அது நீர் வந்தபின் செய்த பணி. நீர் வருமுன் நள்ளிரவில் ஒரு வீட்டின் உட்கட்டுக்குள் சென்று முதியவளையும் கர்ப்பிணியையும் எழுப்பும் உரிமையும் பயிற்சியும் உள்ளவர் எத்தனை பேர்?

மஹல்லா ஜமாஅத்திடம் அரசிடம் இல்லாத ஒரு கருவி உண்டு. அது சந்தாப் பதிவேடு. திருமணத்துக்கும் ஜனாஸாவுக்கும் மட்டுமே புரட்டப்படும் அவ்வேட்டில் குடும்பங்களின் பெயர்கள் உள்ளன. யார் வீடு தாழ்வில் உள்ளது, யார் நடக்க இயலாதவர், யாருக்கு வாரந்தோறும் இரத்தச் சுத்திகரிப்பு தேவை, யாரிடம் மாடி உள்ளது, யாரிடம் வண்டி உள்ளது என்னும் சில நிரல்களைச் சேர்த்தால் அதுவே உள்ளூர்ப் பேரிடர்த் திட்டமாகிவிடும். அண்டை வீட்டார் எச்சமயத்தவராயினும் அவர்கள் பெயரும் அதில் இடம்பெற வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. வெள்ளம் பதிவேட்டைப் பார்த்து வருவதில்லை. அதுபோலவே, ஐவேளையும் உளூச் செய்யும் நீர் பெரும்பாலான பள்ளிவாசல்களில் சாக்கடைக்கே செல்கின்றது. சோப்புக் கலவாத அந்த நீரைக் கல்லும் மணலும் நிரப்பிய உறிஞ்சுகுழிக்குத் திருப்புவது பெருஞ்செலவான வேலையன்று. கூரை மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழகத்தில் கட்டாயம். பள்ளிவாசலின் பரந்த கூரைக்கு அது மிகவும் ஏற்றது.

இவற்றைக் கூறும்போது, இறைநாட்டத்தை மனித ஏற்பாடு தடுக்குமோ என்று ஐயுறுவோர் இன்றும் உளர். ஹிஜ்ரி 17ஆம் ஆண்டு மக்காவில் உம்மு நஹ்ஷல் வெள்ளம் என்று வரலாறு வழங்கும் பெருக்கு கஅபாவின் முற்றத்துக்குள் புகுந்து, மகாமு இப்ராஹீம் கல்லை அதன் இடத்திலிருந்து அடித்துச் சென்றது. செய்தி கேட்டு மதீனாவிலிருந்து விரைந்து வந்த கலீஃபா உமர் (ரழி), கல்லை உரிய இடத்தில் நிறுத்தியதோடு அமையாமல், வெள்ளத்தைத் திருப்ப மேட்டில் அணைகரை எழுப்பினார்.

ஓசூருக்கே உரிய ஒரு சிக்கலைக் கூறாமல் இக்கட்டுரையை முடிக்க இயலாது. அது மொழி. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் நெடுங்காலமாக அடுத்தடுத்த தெருக்களில் வழங்கும் ஊர் அது. இப்போது தொழிற்சாலைகளையும் கட்டுமானப் பணிகளையும் நம்பி ஒடிசா, பீகார், வங்கம், அசாம் மாநிலங்களிலிருந்து வந்தோர் தகரக் கொட்டகைகளிலும் நெருக்கமான விடுதிகளிலும் வாழ்கின்றனர். அவர்கள் பெயர் ஊர்ப் பதிவேட்டிலும் இல்லை, மஹல்லாப் பதிவேட்டிலும் இல்லை. ஆபத்து அவர்களுக்கு வெள்ளமாக மட்டும் வருவதில்லை. 2023 ஜூலையில் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து ஒன்பது பேர் மாண்டனர்; அதே ஆண்டு அக்டோபரில் எல்லையை ஒட்டிய அத்திப்பள்ளியில் பட்டாசுக் கிடங்கு எரிந்து பதினான்கு பேருக்கும் மேல் மாண்டனர், அவர்களில் பெரும்பாலோர் வேலைக்காகத் தமிழகத்திலிருந்து எல்லை கடந்து சென்ற இளைஞர்கள். எல்லைக்கு இப்பால் வந்தவரும் அப்பால் சென்றவரும் ஒரே நிலையில் உள்ளனர்: தாம் உறங்கும் இடத்தின் மொழியில் எச்சரிக்கையைப் படிக்கத் தெரியாதவர்கள். வெள்ளிக்கிழமைதோறும் ஓசூர்ப் பள்ளிவாசல்களின் பின்வரிசையில் அமர்ந்து, தமிழ் பயான் புரியாமல் தொழுகைக்காகக் காத்திருக்கும் அசாமியத் தொழிலாளர்களில் ஒருவரையேனும் ஜமாஅத்தின் தொண்டர் குழுவில் சேர்த்துக்கொண்டால், அடுத்த மழைக்காலத்தில் அவர் விடுதியில் தங்கியிருப்போருக்குச் செய்தி சொல்ல ஒருவர் இருப்பார். ஏரி நிரம்பும் அபாயம் எந்த மாதத்தில், கலிங்கு நீர் எந்தத் தெருவழியே வரும், மேடான பள்ளிக்கூடம் எது என்னும் மூன்று செய்திகளை வங்காளத்திலும் அசாமியத்திலும் இந்தியிலும் ஒரு தாளில் அச்சிட்டு விடுதிக் கதவில் ஒட்டுவதற்கு எந்த ஆணையத்தின் ஒப்புதலும் வேண்டியதில்லை.